உறுப்பினரின் பணம், நாடாளுமன்றத்தின் சட்டம்: சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி அறிந்திருக்க வேண்டியவை

போர் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்குக் கிராமங்களுக்கு வீதிகளோடு சேர்ந்து கடன் கொடுக்கும் நிறுவனங்களும் வந்தன. காணி உறுதி கேட்கவில்லை, அரச உத்தியோகத்தரின் பிணை கேட்கவில்லை. சில பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் கையொப்பமிட்டால் போதும் என்றார்கள். வீட்டுத்திட்டக் காசு அத்திவாரத்தோடு முடிந்துபோனவர்களுக்கும், கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்தவர்களுக்கும் அது பெரிய உதவியாகத் தெரிந்தது. கிழமைக் கட்டுப்பணம் தவறத் தொடங்கியபோதுதான் அந்தக் கடனின் உண்மையான விலை தெரியவந்தது.

அதே கிராமங்களில் இதைவிட மிகப் பழைய கடன் முறை ஒன்றும் இருந்தது. அதுதான் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். இடப்பெயர்வுகளில் உறுப்பினர்கள் சிதறினார்கள், பேரேடுகள் தொலைந்தன, பல சங்கங்கள் இயங்காமல் போயின. ஆனாலும் பல ஊர்களில் அவை மீண்டும் எழுந்தன. இந்த இரண்டு கடன் முறைகளில் எது வளரும், எது தேயும் என்பதை மக்களின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கொழும்பில் எழுதப்படும் சட்டங்களும் தீர்மானிக்கின்றன. அந்தச் சட்டங்கள் எவை, அவை எப்படி மாறுகின்றன, மாறும்போது சாதாரண உறுப்பினர் எங்கே குரல் கொடுக்கலாம் என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

கடன் சங்கம் என்பது என்ன?

கனடாவிலும் பிரித்தானியாவிலும் ‘கிரெடிட் யூனியன்’ என்று அழைக்கப்படுவதும், எமது ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என்று அழைக்கப்படுவதும் அடிப்படையில் ஒன்றே. ஓர் ஊரவர் அல்லது ஒரு தொழில் செய்வோர் தமது சேமிப்பை ஒன்றுசேர்த்து, அதிலிருந்து தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்கிறார்கள். பங்கு எவ்வளவு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குத்தான். வட்டி வீதத்தை உறுப்பினர்களின் பொதுக்கூட்டமும் அவர்கள் தெரிவு செய்யும் நிர்வாகமும் தீர்மானிக்கின்றன. மிஞ்சும் இலாபம் ஒதுக்கத்துக்கும் உறுப்பினருக்கும் போகிறது. வெளியே இருக்கும் முதலீட்டாளர் ஒருவருக்கு அது போவதில்லை.

இந்த வேறுபாட்டை ஓர் உதாரணக் கணக்கு தெளிவாக்கும். 50,000 ரூபா கடன், 52 கிழமைத் தவணை, ஆண்டு வட்டி 24 வீதம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத் தொகைக்கே முழு ஆண்டுக்கும் வட்டி போடும் முறையில் வட்டி 12,000 ரூபா. கிழமைத் தவணை ஏறத்தாழ 1,192 ரூபா. ஆனால் ஒவ்வொரு கிழமையும் முதல் குறைந்துகொண்டே வருவதால், கடன் பெற்றவர் உண்மையில் செலுத்தும் வட்டி வீதம் ஆண்டுக்குச் சுமார் 44 ஆகிறது. அதே 24 வீதத்தைக் குறைந்துசெல்லும் நிலுவைக்கு மட்டும் கணக்கிட்டால் வட்டி ஏறத்தாழ 6,350 ரூபாதான். பத்திரத்தில் எழுதப்பட்ட வீதம் ஒன்று, செலுத்தும் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கடன் கொடுப்பவர் எந்த முறையில் கணக்கிடுகிறார், உண்மையான ஆண்டு வீதம் எவ்வளவு என்பதைக் கடன் பெறுபவரின் மொழியில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடியது சட்டம் மட்டுமே.

1911 முதல் 1972 வரை

கூட்டுறவுக் கடன் எமது தீவுக்கு வந்த வழியில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜேர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கிராமியக் கடன் சங்கங்களை ஆராய, சென்னை மாகாண அரசு பிரெட்ரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. 1890களின் நடுப்பகுதியில் வெளிவந்த அவரது அறிக்கை, 1904 ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. 1907 இல் இந்தியாவுக்கு வந்த பொஸ்டன் வணிகர் எட்வேர்ட் ஃபைலீன் அங்கிருந்த கிராமக் கடன் சங்கங்களைக் கண்டு கவரப்பட்டார். அமெரிக்காவில் கடன் சங்க இயக்கத்தைக் கட்டியெழுப்பியவர்களில் அவர் முக்கியமானவர். இலங்கையில் 1911 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டம் பிறந்ததும் இதே காலத்தில்தான். அதாவது, இந்நாட்டின் முதல் கூட்டுறவுச் சட்டமே கடன் சங்கங்களுக்காக எழுதப்பட்ட சட்டம்.

யாழ்ப்பாணம் இதில் பின்தங்கி இருக்கவில்லை. கிராமச் சங்கங்களுக்கு நிதி வழங்கும் கூட்டுறவு வங்கியொன்று 1929 இல் அங்கு உருவானது. பின்னர் நாடளாவிய கூட்டுறவு வங்கி அமைப்பு வந்தது. 1961 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மக்கள் வங்கி தோன்றியபோது, அந்தக் கூட்டுறவு வங்கியின் பணியை அரச வங்கி ஏற்றுக்கொண்டது. கூட்டுறவாளர்கள் கட்டிய நிதி அமைப்பு ஒன்று சட்டத்தின் ஒரு வரியால் கைமாறலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. அது நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேறு. முடிவு எடுக்கப்பட்ட இடம் பொதுக்கூட்டம் அல்ல, நாடாளுமன்றம் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

இன்றைக்கும் அடித்தளமாக இருப்பது 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். 1983 இலும் 1992 இலும் அது திருத்தப்பட்டது. உறுப்பினர் ஒருவர் அதில் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, பதிவு. சங்கத்தின் உபவிதிகள் பதிவாளரிடம் பதியப்பட வேண்டும். கடன் எல்லை, வட்டி, தெரிவு முறை எல்லாம் உபவிதிகளில்தான் இருக்கின்றன. அவற்றின் பிரதி ஒன்றைக் கேட்டுப் பார்ப்பது உறுப்பினரின் முதல் வேலை.

இரண்டாவது, கணக்காய்வு. சங்கத்தின் கணக்குகள் ஆண்டுதோறும் பதிவாளரின் பொறுப்பில் ஆய்வு செய்யப்பட வேண்டும். கணக்காய்வு அறிக்கை பொதுக்கூட்டத்துக்கு வரவில்லை என்றால் அதைக் கேட்க வேண்டியவர்கள் உறுப்பினர்களே.

மூன்றாவது, விசாரணை. பதிவாளர் தாமாகவோ, உறுப்பினரில் குறித்த ஒரு பங்கினரின் விண்ணப்பத்தின் பேரிலோ சங்கத்தின் நிலைமையை விசாரிக்கலாம். விசாரணையின் பின் நிர்வாகத்தைக் கலைத்து வேறு ஆட்களை நியமிக்கவும், சங்கத்தின் பதிவையே நீக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மோசடி செய்யும் நிர்வாகத்திடமிருந்து உறுப்பினரைக் காக்கும் அதிகாரம் இது. அரசியல் செல்வாக்குக்கு உட்பட்டால் நல்ல நிர்வாகத்தை அகற்றவும் இதே அதிகாரம் பயன்படும்.

நான்காவது, பிணக்கு. 58 ஆம் பிரிவின்படி, கடன் நிலுவை உட்பட சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான பிணக்குகள் பதிவாளரிடம் போகின்றன. அவர் தாமே தீர்க்கலாம் அல்லது நடுத்தீர்ப்பாளர் ஒருவரிடம் விடலாம். கடன் செலுத்த முடியாதவரின் வாசலில் வந்து நின்று சத்தம் போடும் முறைக்கு இது மாற்று. ஆனால் உறுப்பினர் தமது பக்கத்தைச் சொல்ல அந்த விசாரணைக்குச் சமுகமளிக்க வேண்டும்.

மாகாணத்தின் அதிகாரம், இல்லாத சபை

1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தம் கூட்டுறவை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. மாகாணத்துக்குள் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தல், பதிவு செய்தல், மேற்பார்வை செய்தல், கணக்காய்வு செய்தல் ஆகியவை ஒன்பதாவது அட்டவணையின் மாகாண சபை நிரலில் உள்ளன. அதனால்தான் எமது சங்கங்களின் பதிவாளர் கொழும்பில் இல்லாமல் மாகாணத்தின் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளராக இருக்கிறார். கூட்டுறவு தொடர்பாக நியதிச்சட்டம் இயற்றும் அதிகாரமும் மாகாண சபைக்கு உண்டு.

அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தச் சபை இருக்க வேண்டும். வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிந்துவிட்டது. அவற்றின் பின் ஆண்டுக்கணக்காக நிர்வாகம் ஆளுநரின் கையில் இருந்துவருகிறது. ஆணையாளர் இருக்கிறார், திணைக்களம் இருக்கிறது, ஆனால் நியதிச்சட்டம் இயற்றத் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை.

இதன் பொருள் என்ன என்பதை 2012 இன் திவிநெகும சட்டமூலம் காட்டியது. சமுர்த்தி அதிகாரசபையையும் வேறு இரண்டு அபிவிருத்தி அதிகாரசபைகளையும் ஒரே திணைக்களமாக்கி, கிராம மட்ட வங்கி அமைப்பையும் அதன் கீழ் கொண்டுவர அந்தச் சட்டமூலம் முயன்றது. மாகாண நிரலில் உள்ள விடயங்களைத் தொடுவதால் அதை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. வடக்கில் அப்போது சபையே இல்லை. ஆளுநர் சம்மதம் தெரிவித்தார். தெரிவு செய்யப்பட்ட சபையின் சம்மதத்துக்கு அது ஈடாகாது என்றும், சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும் என்றும் நீதிமன்றம் அடுத்த தீர்மானத்தில் கூறியது. அரசாங்கத்திடம் அந்தப் பெரும்பான்மை இருந்ததால் 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. ஆனாலும் தீர்மானத்தின் தர்க்கம் இன்றைக்கும் எமக்குப் பயனுள்ளது. மாகாண நிரலில் உள்ள விடயத்தை நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டுமானால் அரசியலமைப்பின் 154எ (3) உறுப்புரை சபைகளின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. ஒரு சபை உடன்படாவிட்டாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும். கூட்டுறவைத் தொடும் எந்தச் சட்டமூலத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நுண்கடன் சட்டமும் அதன் ஓட்டைகளும்

2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம், வைப்புப் பெறும் நுண்நிதி நிறுவனங்களை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. வைப்புப் பெறாமல் கடன் மட்டும் கொடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியே நின்றன. எமது கிராமங்களில் மக்களை வருத்தியவற்றில் பல அந்த வெளிவட்டத்தில் இருந்தவை.

2018 இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் வழங்கும் திட்டத்தை நிதியமைச்சு அறிவித்தது. மத்திய வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு 35 வீத உச்ச வட்டியும் அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தவர்களை அந்த வரம்பு தொடவில்லை. 2021 மார்ச்சில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் தொடங்கிய சத்தியாக்கிரகம் 50 நாட்களுக்கு மேல் நீடித்தது. இந்தச் சுமை தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அது நாட்டுக்குக் காட்டியது.

பின்னர் நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் வந்தது. கடன் கொடுக்கும் தொழிலில் உள்ள அனைவரையும் ஓர் அதிகாரசபையின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். நோக்கத்தை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பெண்கள் அமைப்புகளும் கூட்டுறவு பற்றி எழுதுவோரும் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். பெரிய நிறுவனத்துக்காகத் தைத்த சட்டையை ஊர்ச் சங்கத்துக்கும் போடுவதா? மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சி நிதிக்கும், பல கிளைகள் கொண்ட கம்பனிக்கும் ஒரே அனுமதிப்பத்திரம், ஒரே கட்டணம், ஒரே தண்டனை என்றால் முதலில் மூடப்படுவது ஊர்ச் சங்கம்தான். சட்டமூலம் உயர் நீதிமன்றத்திலும் சவாலுக்கு உட்பட்டது. 2024 செப்டெம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டபோது அது சட்டமாகியிருக்கவில்லை. இத்துறையை ஒழுங்குபடுத்த வேண்டிய தேவை அப்படியே இருக்கிறது. ஆகவே எந்தப் பெயரில், எந்த ஆண்டில் சட்டமூலம் வந்தாலும் அதே கேள்வியோடுதான் அதைப் படிக்க வேண்டும்.

உறுப்பினர்கள் சட்டத்தை மாற்றிய ஒரு கதை

உறுப்பினர் குரல் கொடுத்தால் பெரிய வங்கிகளை எதிர்த்துச் சட்டத்தை மாற்ற முடியுமா? அமெரிக்காவில் 1998 இல் அது நடந்தது.

1934 ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கடன் சங்கச் சட்டம், தொழிலாலோ சங்கத்தாலோ ஊராலோ பொதுவான பிணைப்பு உள்ளவர்களே ஒரு கடன் சங்கத்தில் சேரலாம் என்றது. 1982 முதல் ஒழுங்குபடுத்தும் நிறுவனம், வெவ்வேறு தொழிலகங்களின் குழுக்கள் ஒரே சங்கத்தில் சேர அனுமதித்தது. தொழிற்சாலை மூடப்பட்டால் அதன் சங்கமும் சாகாமல் இருக்க அது உதவியது. வங்கிகள் வழக்குப் போட்டன. 1998 பெப்ரவரி 25 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வங்கிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. இலட்சக்கணக்கானோரின் உறுப்புரிமை கேள்விக்குள்ளானது.

நாடு முழுவதும் கடன் சங்க உறுப்பினர்கள் தத்தமது பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள், தொலைபேசியில் அழைத்தார்கள், தலைநகருக்குத் திரண்டு போனார்கள். ஏப்ரல் 1 அன்று கீழ்ச்சபையில் 411 க்கு 8 என்ற வாக்குகளால் புதிய சட்டமூலம் நிறைவேறியது. ஜூலையில் செனட் சபையில் 92 க்கு 6. ஓகஸ்ட் 7 அன்று ஜனாதிபதி பில் கிளின்டன் கையொப்பமிட்டார். தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்குள் சட்டம் மாறிவிட்டது.

வெற்றி முழுமையானதல்ல. வங்கிகளின் வற்புறுத்தலால், கடன் சங்கங்கள் வணிகங்களுக்குக் கொடுக்கும் கடனுக்கு அதே சட்டத்தில் உச்ச வரம்பு போடப்பட்டது. அதைத் தளர்த்தக் கடன் சங்கங்கள் பின்னரும் பல ஆண்டுகள் முயன்றன. அவர்களது நிலைமையும் எமது நிலைமையும் ஒன்றல்ல. அங்கே உறுப்பினரின் வைப்புக்கு 1970 முதல் அரசின் உத்தரவாதம் கொண்ட காப்புறுதி உண்டு. இலங்கையின் வைப்புக் காப்புறுதித் திட்டம் அனுமதி பெற்ற வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் மட்டுமே உள்ளடக்குகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள சேமிப்பு அதற்கு வெளியே நிற்கிறது. எமது சங்கங்கள் கேட்க வேண்டிய கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

எப்போது, எங்கே பேசுவது?

இலங்கையில் சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் மூன்று மொழிகளிலும் வெளிவருகிறது. பின்னர் நாடாளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் சேர்க்கப்படுகிறது. அதன்பின் வரும் குறுகிய நாட்களுக்குள், அரசியலமைப்பின் 121 ஆம் உறுப்புரையின் கீழ் எந்தவொரு பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சபாநாயகர் சான்றுரைத்த பின் அந்தச் சட்டத்தை நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்த முடியாது. ஆகவே வர்த்தமானி வெளிவரும் நாளிலிருந்தே வேலை தொடங்க வேண்டும். சட்டமாகிய பின் எழும் கண்டனம் செய்தியாகுமே தவிர மருந்தாகாது.

தமிழ்ப் பிரதியை வாசிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். பெரும்பாலான சட்டங்களின் இறுதிப் பிரிவு, சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்கிறது. பொருள்கோடல் பிரிவில் ‘கடன் வழங்குநர்’, ‘நுண்நிதி’ ஆகிய சொற்களுக்குக் கொடுக்கப்பட்ட வரைவிலக்கணத்தை இரு மொழியும் தெரிந்த ஒருவருடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. யார் உள்ளே, யார் வெளியே என்பதை அந்தப் பிரிவே தீர்மானிக்கிறது.

கிராமச் சங்கம் தனியாகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுத்து அதைச் சமாசத்துக்கும், மாகாண ஆணையாளருக்கும், மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் எழுத்தில் அனுப்பலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாகாணத் திணைக்களத்திடம் கணக்காய்வு, விசாரணை தொடர்பான தகவல்களைக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும்.

எந்தச் சட்டமூலம் வந்தாலும் பொதுக்கூட்டத்தில் ஐந்து கேள்விகளை முன்வைத்துப் பேசலாம். எமது சங்கம் இதன் வரைவிலக்கணத்துக்குள் வருகிறதா? உண்மையான ஆண்டு வட்டியைத் தமிழில் எழுதிக் கொடுக்கும்படி கடன் வழங்குநரைக் கட்டாயப்படுத்துகிறதா? வீட்டு வாசலில் வந்து அச்சுறுத்திக் கடன் அறவிடுவதைத் தடுக்கிறதா? மாகாணத்துக்குரிய மேற்பார்வை அதிகாரத்தை மத்திக்கு எடுக்கிறதா? உறுப்பினரின் சேமிப்புக்கு எந்தப் பாதுகாப்பைத் தருகிறது?

போரில் எல்லாவற்றையும் இழந்து வந்த ஒருவர் சங்கத்தில் போடும் நூறு ரூபாவும், தனிநபரின் கருணையிலோ கம்பனியின் கணக்கிலோ தங்கியிராமல் வாழும் முயற்சி. அந்த நூறு ரூபாவின் விதிகள் எழுதப்படும் நாளில் உறுப்பினர்களின் தீர்மானம் ஒன்று மேசையில் இருக்க வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் ஒதுக்குவது எந்தச் சங்கத்துக்கும் செலவில்லாத வேலை.